வெள்ளிக்கிழமைத் தவளைகள்

எங்கள் கல்லூரிக்குக் கல்லூரி என்று பெயர் வைத்த புண்ணியவானைத்தான் முதலில் கேட்க வேண்டும். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மிளகாய் அரைக்கும் மில்லுக்கு மேல்மாடியில் மூன்று அறைகள். ஒன்றில் பாடம் நடக்கும், ஒன்றில் சோதனைக்கூடம், மூன்றாவதில் முதல்வரும் அவருடைய சைக்கிளும். கீழே மில் ஓடத் தொடங்கினால் மேலே உயிரியல் வகுப்பு மொத்தமும் தும்மும். தவளையைப் பதப்படுத்தும் ஃபார்மலின் நெடியும் மிளகாய் நெடியும் கலந்த காற்றை இரண்டு வருஷம் சுவாசித்தவள் நான். என்னோடு சேர்ந்து சுவாசித்தவர்கள் இருபது பேருக்குமேல் இருக்க மாட்டார்கள். அதில் பெண்கள் இரண்டே பேர், நானும் அவளும்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் படித்த பெண்கள் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் என்றால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அவ்வளவுதான். மேலே உயிரியல் படிக்க வேண்டுமென்றால் பெரிய பள்ளிகளில் இடம் கிடைக்காது, கிடைத்தாலும் எங்கள் மதிப்பெண்ணுக்கு வாசலிலேயே நிற்க வைப்பார்கள். அதனால் இந்த மிளகாய் மில் கல்லூரி. இரண்டு வருஷம் தாவரவியல், விலங்கியல், மனித உடலியல், கொஞ்சம் ரசாயனம். முடிவில் சீமையிலிருந்து வரும் வினாத்தாளில் ஒரு தேர்வு, அதோடு ஒரு செய்முறைத் தேர்வு. இரண்டிலும் தேறினால் பெரிய ஆஸ்பத்திரிகளின் பரிசோதனைக்கூடத்தில் பயிற்சிக்கு எடுப்பார்கள். ரத்தம், சளி, சிறுநீர், கண்ணாடித் தகடு, மைக்ராஸ்கோப். மாதச் சம்பளம். கவர்மெண்ட் வேலை. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எனக்கு அது வேண்டும். அவளுக்கு என்னைவிட அதிகமாக வேண்டும். அவள் அப்பா இல்லாத பெண். துறைமுகத்தில் வேலை பார்த்த அண்ணன்தான் வீட்டைத் தூக்கி நிறுத்தியவன். அவன் தங்கையிடம் முதல் நாளே சொல்லிவிட்டான், ரெண்டு வருஷம் தர்றேன், தேறினா வேலைக்குப் போ, இல்லைன்னா ஜொகூர் எஸ்டேட்டில் கணக்கெழுதுற ஒரு கிராணி இருக்கார், பெண்டாட்டி செத்துப்போனவர், அவருக்குக் கழுத்தை நீட்டு. இதை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "கிராணிக்கு முப்பத்தெட்டு வயசாம் லா. எனக்கு ஒரு பிள்ளையும் ரெடியா இருக்காம், பெத்துக்கிற வேலை மிச்சம்" என்றாள்.

எல்லாம் வெள்ளிக்கிழமையில்தான் வந்தது.

கல்லூரியில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. தவளை கொண்டுவருபவர் சுவா சூ காங் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒரு சீனக் கிழவர். வெள்ளிக்கிழமை காலையில்தான் டவுனுக்கு வருவார். ஈரச் சாக்கு மூட்டையைப் படியில் வைத்துவிட்டு, மேலே பார்த்து ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். மூட்டையில் இருப்பதை அன்றைக்கே அறுத்தாக வேண்டும். அதனால் செய்முறை வகுப்பு வெள்ளிக்கிழமை மத்தியானம்.

எங்கள் வீட்டிலோ வெள்ளிக்கிழமை என்றால் வேறு கணக்கு. அப்பா நகராட்சியில் கட்டட பிளான் வரைபவர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவருக்கு இருமலோடு ரத்தம் வந்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தார். பிழைத்தார். டாங்க் ரோட்டு முருகன்தான் பிழைக்க வைத்தான் என்று அம்மா நம்பினாள். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் ஒரு உயிர் போகக் கூடாது, கவிச்சி படக் கூடாது என்று வேண்டிக்கொண்டவள், அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை கொசுவைக்கூட அடிக்க விட மாட்டாள். கொசு கடித்தால் ஊதிவிட வேண்டும்.

முதல் செய்முறை வகுப்பு முடிந்து நான் வீட்டுக்குப் போன சாயங்காலம் அம்மா குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் கையை மோந்து பார்த்தாள்.

"என்னடி இது நாத்தம்?"

"தவளைம்மா. பாடம்."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு உசிரை அறுத்துட்டு வந்து நடுவீட்டுல நிக்கிறியே, நீ உருப்படுவியா?" என்று கத்தியவள், என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய்த் தலையோடு தண்ணீரை ஊற்றினாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். அழுகை ஓய்ந்ததும் தீர்ப்பு வந்தது. "இனிமே வெள்ளிக்கிழமை நீ கத்தியைத் தொட்டேன்னு தெரிஞ்சுது, காலேஜும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அடுப்படியில உக்காரு." அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவருடைய உயிரைப் பற்றிய பேச்சு என்பதால் அவருக்குச் சங்கடம் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அவர் எதற்குமே தலையைத் தூக்கியதில்லை.

மறுநாள், எங்களுக்குப் பாடமும் நடத்துகிற முதல்வர் சாரிடம் போய்க் கிழமையை மாற்ற முடியுமா என்று கேட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தவளைக்காரருக்கு உங்க வீட்டுப் பஞ்சாங்கம் தெரியாதேம்மா" என்றார். வகுப்பே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. படியில் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க வீட்லயும் வெள்ளிக்கிழமை விரதம்தான். எங்களுக்கு மாமிசம் சாப்பிடத்தான் கூடாது, அறுக்கலாம். எங்க மாதா கோயில் சாமியார் அறுக்கக் கூடாதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல" என்றாள். "நான் வெட்டுறேன். நீ வரை. உனக்கும் சேர்த்து வெட்டுறேன், எனக்கும் சேர்த்து வரை. சரியா?"

அவளுக்கு வரையவே வராது. முந்தின நாள்தான் சார் அவள் ஒரு தாளில் வரைந்ததைத் தூக்கிக் காட்டி, "இது தவளையா, பலாப்பழமா?" என்று கேட்டிருந்தார். எனக்கோ அப்பாவின் கை. ஐந்து வயதிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவினவள். கோடு இழுத்தால் கோடு மாதிரி இருக்கும். ஒரு தட்டுக்கு இரண்டு பேர் என்று சார் ஏற்கெனவே ஜோடி பிரித்திருந்தார், நாங்கள் இருவரும் ஒரே தட்டு. இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு உண்டா என்று தோன்றியது. சரி என்றேன்.

அவள் வெட்டுவதைப் பார்க்க வேண்டும். கத்தரிக்கோலை அவள் பிடிக்கிற விதமே வேறு. வகுப்புப் பையன்கள் தவளையை நாசமாக்கித் தட்டு முழுக்க ரத்தமாக்கிக்கொண்டிருப்பார்கள். இவள் தட்டில் ஒரு சொட்டு இருக்காது. தோலை ஒதுக்கி, தசையை ஒதுக்கி, நெஞ்செலும்பை நறுக்கித் தூக்கினால் உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருக்கும். "பாரு, பாரு, இன்னும் வேலை செய்யுது" என்று என் முழங்கையில் இடிப்பாள். அந்தச் சமயத்தில் அவள் முகத்தில் வருகிற சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. நான் தட்டைத் தொடாமல், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு நோட்டிலும் வரைவேன். சார் அவருடைய மேஜையிலேயே உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றையும் பிரித்து ஊசி குத்தி வைத்த பிறகுதான் எழுந்து வருவார். எங்கள் தட்டின் முன்னால் நின்று, "குட். இந்த ஜோடியைப் பார்த்துக் கத்துக்குங்க" என்பார். ஜோடி என்றுதான் சொன்னார். நானும் அந்தப் பாராட்டில் பாதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

இப்படியே இரண்டு வருஷம். தவளை, எலி, கரப்பான், ஒரு தடவை பொங்கோல் கடலோரத்திலிருந்து வந்த குட்டிச் சுறா. வேறு கிழமைகளில் வெட்டிப் பழகியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். எலியும் கரப்பானும் செவ்வாய்க்கிழமை வந்த நாட்கள் உண்டு. அப்போதும் அவள்தான் வெட்டினாள். வேலை நன்றாக நடக்கிறதே, எதற்கு மாற்ற வேண்டும் என்று இருந்துவிட்டேன். சோம்பல். வேறு பெயர் வைத்தால் அது பொய்.

தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் ரெக்கார்டு நோட்டுகளைச் சாரிடம் கொடுக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில், இந்த நோட்டில் உள்ளது இந்த மாணவர் தம் கையால் செய்தது என்று எழுதி அவர் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. அவள் நோட்டில் எழுத்துகளை நான் நேராக எழுதியிருந்தேன், என் நோட்டில் சாய்த்து எழுதியிருந்தேன். பென்சில்கூட வேறு வேறு. எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்ற திமிர்.

சார் எங்களை அவர் அறைக்குக் கூப்பிட்டார். சைக்கிளுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றோம். இரண்டு நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. படத்தில் உறுப்பின் பெயரை எழுதி, அந்த உறுப்புவரை ஒரு கோடு இழுப்போம் இல்லையா, அந்தக் கோடு உறுப்பைத் தொடுகிற இடத்தில் நான் குறுக்கே ஒரு சின்னச் சாய்வு வெட்டு வைப்பேன். வீட்டு பிளானில் சுவருக்கு அளவு குறிப்பவர்கள் வைக்கிற வெட்டு அது. அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். நான் வைப்பதே எனக்குத் தெரியாது. இருபது பேரில் வேறு எந்த நோட்டிலும் அது இல்லை. எங்கள் இரண்டு நோட்டிலும் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை இருந்தது.

"ரெண்டும் ஒரே கை. யாரு கை?" என்றார் சார்.

அவர் ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். "தவளையோட இதயம். முன்பக்கம். பத்து நிமிஷம்."

நான் ஏழு நிமிஷத்தில் முடித்தேன். அழித்த இடத்தில் இருந்த தூசியை ஊதினேன். அவள் தாள் ஓட்டையாகிற அளவுக்கு அழித்து அழித்து வரைந்திருந்தாள். சார் அவள் தாளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா நோட்டுல ஒரு படம்கூட நீ வரையலையா?"

"இல்ல சார்."

"இதுல நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? இது உன் கையால செஞ்சதுன்னு நான் எழுதிக் கொடுக்கணும். வெளியில தெரிஞ்சா இந்த மாடியை இழுத்து மூடிடுவாங்க. மத்தவங்க கதி?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சார் என் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குரலைத் தணித்து, "நீ பாவம் பார்த்து வரைஞ்சு கொடுத்திருக்கே. நல்ல மனசுதான். ஆனா இனிமே யாருக்கும் இப்படிச் செய்யாதே" என்றார்.

பாவம் பார்த்து! நான்!

அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதும். சார், இந்த இரண்டு வருஷத்தில் நான் ஒரு கரப்பான்பூச்சியைக்கூட வெட்டியதில்லை, எல்லாம் இவள் வெட்டியது. அவளுடைய நோட்டில் படம் பொய் என்றால் என்னுடைய நோட்டில் தவளையே பொய். ஆனால் சார் வரைந்தது யார் என்றுதான் கேட்டார். வெட்டியது யார் என்று கேட்கவில்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தூ. அன்றைக்கு என் தலை தானாக ஆடியது. "சரி சார்" என்றேன். சார் என் நோட்டில் கையெழுத்துப் போட்டார். அவளுடையதை மூடி மேஜை இழுப்பறைக்குள் வைத்தார்.

படியில் இறங்கும்போது அவள் எனக்கு முன்னால் போனாள். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. இருவருமே தும்மினோம். "வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் வேகமாக நடந்து போய்விட்டாள். அதற்கப்புறம் வகுப்புக்கு வரவில்லை.

இதோடு நின்றிருந்தால் நான் ஒரு சாதாரணக் கோழை, ஊரில் ஆயிரம் பேர் அப்படி இருக்கிறார்கள். நான் அதற்கும் மேலே போனேன்.

செய்முறைத் தேர்வில் தனியாக வெட்ட வேண்டும். ஜோடி கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை சோதனைக்கூடத்தில் தட்டின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, கத்தரிக்கோலின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. தலைவலி என்று பொய் சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். சாரிடம் போய்ச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்க முடியாது, கேட்டால் குட்டு உடைந்துவிடும். பையன்களிடம் கேட்கலாம் என்றால், மானம் போய்விடுமாம். மானத்துக்குக் குறைச்சல் இல்லை! தேர்வுக்கு இரண்டு வாரம்கூட இருக்காது என்றார்கள், தேதி இன்னும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்கா மார்க்கெட்டில் சமையலுக்குத் தவளை விற்பவரிடம் நான்கு தவளை வாங்கி, ஈரத்துணிப் பையில் போட்டுக்கொண்டு, வெட்கம் மானம் எதுவும் இல்லாமல் அவள் வீட்டுக்குப் போனேன்.

மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று. காலைப் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், தலையில் முக்காடு இன்னும் இருந்தது. என்னையும் கையிலிருந்த பையையும் பார்த்தாள். பை அசைந்துகொண்டிருந்தது.

"வெட்டச் சொல்லிக் குடு" என்றேன்.

அவள் முக்காட்டை எடுத்து மடித்தாள். பிறகு, "இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லியே?" என்று கேட்டாள். நான் தலை குனிந்தேன். "வா" என்று பின்பக்கம் கூட்டிப்போனாள்.

துணி துவைக்கும் சிமெண்டு மேடையில் பழைய பலகையைப் போட்டு, குண்டூசிகளும் அவள் அம்மாவின் தையல் கத்தரியும் எடுத்து வந்தாள். முதல் தவளையை அவள் வெட்டிக் காட்டினாள். இரண்டாவதை என் கையைப் பிடித்து வெட்ட வைத்தாள். "நுனியை மேல தூக்கு, மேல தூக்கு. கீழ போச்சுன்னா குடலைக் குத்திருவே. நடுவுல கருநீலமா ஒரு குழாய் ஓடுது பாரு, அதுமேல வெட்டாதே, பக்கத்துல வெட்டு." மூன்றாவதை நான் வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, காய் நறுக்கக் கற்றுக்கொள்ளும் தங்கையைப் பார்ப்பவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவதில் ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. "இப்ப வந்துருச்சு" என்றாள்.

கை கழுவும்போது சொன்னாள். "இன்னிக்கு எனக்கும் கிராணிக்கும் முதல் ஓலை வாசிச்சாங்க." அவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாரை இன்னார் மணக்கப்போகிறார் என்று படித்துவிட்டு, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். "யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களான்னு திரும்பிப் பார்த்தேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல லா" என்று சிரித்தாள். நான் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அவள் அம்மா உள்ளேயிருந்து கோப்பி கொண்டுவந்தாள். அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

தேர்வு அட்டை வந்தது. செய்முறைத் தேர்வு டோபி காட் பக்கம் ஒரு பெரிய பள்ளியில், மத்தியானம். கிழமையைப் பார்த்தேன். வெள்ளி.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். கடைசியில், அவள் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். குழவியை நிறுத்தாமலேயே அம்மா பதில் சொன்னாள்.

"பரீட்சைன்னா போய்த்தானே ஆகணும். ஆபத்துக்குப் பாவம் இல்லடி. வந்து தலைக்குக் குளிச்சுட்டு, முருகனுக்கு ஒரு அபராதக் காசு முடிஞ்சு வச்சாப் போச்சு."

"அப்ப ரெண்டு வருஷம்?" என்றேன்.

"என்ன ரெண்டு வருஷம்?"

"ரெண்டு வருஷமா என்னைக் கத்தியைத் தொட விடலையே."

"நீ கேக்கவே இல்லியே" என்றாள் அம்மா. "ஒரு தடவை சத்தம் போட்டேன். அப்புறம் நீயா வந்து கெஞ்சிக் கேட்டிருந்தா நான் என்ன ராட்சசியா?"

அந்த ஆட்டுக்கல்லைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. அவள் சொன்னது நிஜம், நான் ஒரு தடவைகூடத் திரும்பக் கேட்கவில்லை. வாயைத் திறந்து கேட்பதற்குப் பதில் இன்னொருத்தியின் கையை இரவல் வாங்கிக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதிக்கு அம்மாவின் விரதம் ஒரு சாக்கு.

தேர்வு அன்று என் தட்டில் வந்ததும் தவளைதான். இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தக்குழாய்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். நுனியை மேலே தூக்கினேன். கருநீலக் குழாயை ஒட்டி வெட்டினேன். வந்திருந்த வெள்ளைக்காரத் தேர்வாளர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். படம் வரையும்போது கோட்டு நுனியில் அந்தக் குறுக்கு வெட்டு வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தேன்.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறி நேராக அவள் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன்? நன்றாகச் செய்தேன் என்று அவளிடம் சொல்லத்தான். வேறு யாரிடம் சொல்ல முடியும், எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தானே. திங்கட்கிழமை அவளுக்குக் கல்யாணம். வீடு முழுக்க உறவுக்காரர்கள். அவள் என்னைப் பார்த்ததும் பின்பக்கம் வந்தாள், துவைக்கிற மேடைக்குப் பக்கத்தில்.

"குழாய் வெட்டுப்படலையே?" அதுதான் முதல் கேள்வி.

"இல்ல. சுத்தமா வந்துச்சு."

"நல்லது லா" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அது என்னைக் கொன்றது. இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"நீ ஏன் அன்னிக்குச் சார்கிட்ட சொல்லல? வெட்டினது நீதான்னு?"

"நீ சொல்லுவேன்னு நின்னேன்." குரலில் கோபமே இல்லை. "நீ வரைஞ்சு முடிச்சுட்டு நிமிருவே, சொல்லுவேன்னு பார்த்துட்டே இருந்தேன். நீ தூசியை ஊதிட்டு இருந்தே."

"நீயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ரெண்டு பேருக்கும் போயிருக்கும். உன்னைக் கெடுத்து எனக்கு என்ன ஆகப்போகுது?"

"அப்புறம் ஏன் எனக்கு வெட்டச் சொல்லிக் குடுத்தே?"

"தவளையைத் தூக்கிட்டு வந்து நின்னு கேட்டியே. சார் முன்னால வராத வாய் எங்க வீட்டு வாசல்ல வந்துச்சே. அதைப் பார்த்து எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல" என்றாள். உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போகத் திரும்பியவள் நின்றாள். "திங்கட்கிழமை கோயிலுக்கு வந்துடாதே. உன்னைப் பார்த்தா எனக்கு அழுகை வரும். நான் அழுதா மாப்பிள்ளை வீட்டுல தப்பா நினைப்பாங்க."

நான் போகவில்லை. அவளை அதற்கப்புறம் பார்க்கவும் இல்லை.

தேர்வில் தேறினேன். ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் காசநோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, நோயாளியின் சளியைக் கினிப் பன்றி என்கிற, எலியைவிடச் சற்றுப் பெரிய பிராணிக்கு ஊசியில் ஏற்றி, சில வாரம் கழித்து அதை அறுத்துப் பார்ப்பார்கள். சேர்ந்த இரண்டாம் வாரம் மேற்பார்வையாளர் ஒன்றை என்னிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னார். வயதானவர், அநாவசியமாக ஒரு வார்த்தை பேசாதவர். நான் வெட்டுவதை முழுக்க நின்று பார்த்தார். மேஜையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"புதுசா வர்றவங்க கை இப்படி இருக்காது. யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

இந்தத் தடவை கேட்டார். நேராக, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். சொன்னால் எனக்குப் போக ஒன்றுமில்லை, வேலை உறுதியாகிவிட்டது.

"எங்க காலேஜ் சார்தான்" என்றேன்.